வெள்ளைத் திரையும் கட்டம் போட்ட லுங்கியும்

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத ஊர்கள். ஆனால் இரண்டுமே வெள்ளையை வைத்துத்தான் பேர் வாங்கின. எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ராஜபாளையத்துக்கு வெள்ளை வெளேரென்ற நாய்; 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே போட்டது. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி சத்திரப்பட்டிக்குப் போனால் தறிக்குத் தறி பேண்டேஜ் துணி. நான் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பேரேடு எழுதியே தலை வெளுத்தவன். வெள்ளையைப் பற்றிப் பேச எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

இப்படி வெள்ளையிலேயே புழங்குகிற எங்களுக்கு, வெள்ளை எப்போது மறைக்கும், எப்போது காட்டிக்கொடுக்கும் என்பது ஒரு ஜன்னல் திரை வாங்குகிறவரைக்கும் தெரியாது. “எங்களுக்கு” என்று எழுதியதை என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு” என்று திருத்தச் சொல்கிறாள். திருத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையின் குணத்தைப் பற்றிப் பெரிய பெரிய மூளைகளே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. கேம்பிரிட்ஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்த விட்கென்ஸ்டைன், 1951இல் காலமாவதற்கு முன்னால் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த விஷயங்களில் நிறமும் ஒன்று. பச்சைக் கண்ணாடி உண்டு, சிவப்புக் கண்ணாடி உண்டு, ஊடுருவித் தெரிகிற வெள்ளை மட்டும் ஏன் இல்லை என்று அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் முன்பே ரூங்கே என்ற ஜெர்மன் ஓவியர், தெளிந்த பால் என்று ஒன்றை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று கவிஞர் கதேவுக்குக் கடிதம் எழுதினார். கதே அதை 1810இல் வெளியான தம் நிறவியல் நூலில் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பச்சைக் கண்ணாடி வழியாக வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சுவர் பச்சை. கறுப்பு எருமையைப் பார்த்தால் எருமை கறுப்பேதான். அதே சட்டப்படி வெள்ளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுவர் வெள்ளை, எருமை கறுப்பு. அப்படியென்றால் அது நிறமே இல்லாத சாதாரணக் கண்ணாடி. இல்லை, எருமையும் வெளுத்துத்தான் தெரிகிறது என்றால் நடுவில் இருப்பது மூடுபனி, அல்லது பால். இரண்டுக்கும் இடையில் வெள்ளைக்கு நிற்க இடமில்லை.

இதை நான் அடுக்களை வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி பால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓரத்துல நீலம் அடிக்குதுங்க. தண்ணி தூக்கலா இருக்கு. இதச் சொல்ல ஜெர்மனிக்காரன் எதுக்கு?”

அவள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பாலில் கொழுப்பு உருண்டைகளும் கேசின் என்ற புரதத் துகள்களும் மிதக்கின்றன. பெரிய கொழுப்பு உருண்டைகள் எல்லா நிற வெளிச்சத்தையும் ஒரேமாதிரி சிதறடிப்பதால் பால் வெள்ளை. தண்ணீர் சேர்ந்தாலோ ஆடையை எடுத்துவிட்டாலோ கொழுப்பின் ஆட்டம் அடங்கும். சின்னப் புரதத் துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பது வெளியே தெரியும். ஆக, “நீலம்” என்று கண் சொன்னால் “மெல்லிசு” என்று மனசு எழுதிக்கொள்கிறது. ஆடை எடுத்த பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராவிட்டாலும் அதே தீர்ப்புத்தான். பசும்பாலைவிட எருமைப்பால் வெளுப்பாக இருப்பதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பசும்பாலில் கரோட்டின் இருப்பதால் லேசான மஞ்சள். எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது. பால்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார்வாள், போன மாசப் பாக்கி?” என்றார்.

இனி திரைக்கு வருவோம். எங்கள் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது. மனைவி பூப்போட்ட கெட்டித் துணி கேட்டாள். வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், மானமும் வேண்டும் என்று மூன்றையும் கணக்குப் போட்டு நான்தான் வெள்ளை நெட் துணி எடுத்தேன். பகலில் அது அற்புதமான துணி. உள்ளே உட்கார்ந்தால் தெருவில் போகிற ஆட்டோ, கீரைக்காரம்மா, யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது வரை எல்லாம் தெரியும். வெளியே நின்று பார்த்தால் வெறும் வெள்ளை. வாசலில் நின்று அதைப் பலதரம் ரசித்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு, அதாவது ரத்தத்தில். டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு இனிப்பை நிறுத்துவது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. எனவே வீடு அடங்கிய பிறகு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில், சின்ன டப்பாவிலிருந்து விரல் நுனி அளவு பால்கோவா. முன்னால் வெள்ளைத் திரை சுவர் மாதிரி நின்றது. தெருவில் ஒரு பூனைகூடத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத தெருவுக்கு என்னை மட்டும் எப்படித் தெரியும்?

மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியிடம் குசலம் விசாரித்தார்.

“அக்கா, அண்ணாச்சிக்குச் சுகர் நல்லா இறங்கிருச்சு போல? ராத்திரி பால்கோவாவ வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறாங்க. பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு.”

நெட் துணி பகலும் இரவும் ஒரே துணிதான், துளையும் அதேதான். எந்தப் பக்கத்து வெளிச்சம் நூலின்மேல் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். பகலில் வெயில் வெளிப்பக்கத்து நூலை வெளுப்பாக்கி, மங்கலான வீட்டு உட்புறத்தை அமுக்கிவிடுகிறது. ராத்திரி ட்யூப்லைட் உள்பக்கத்து நூலை வெளுப்பாக்கி, இருட்டான தெருவை அமுக்குகிறது. வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் திரை சுவர். இருட்டில் நிற்பவருக்கு அது சினிமாக் கொட்டகை.

திரையை விலக்கி ஜன்னல் கண்ணாடியையே பார்த்தாலும் கதை இதேதான். பகலில் தெரு தெரிகிற கண்ணாடியில் ராத்திரி என் முகம்தான் தெரிகிறது. கண்ணாடி தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குபோலத்தான் திருப்பி அனுப்புகிறது. நேர்க்குநேர் பார்த்தால் தண்ணீர் திருப்புவது வெறும் இரண்டு பங்கு. பின்னால் இருட்டாக இருந்தால் அதுவே போதும். எங்கள் ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்த கிணறு அது என்பார்கள். கிணற்று அடி இருட்டு. மேலே முகத்தில் வெளிச்சம். ஆண்டாளுக்கு அதில் மாலை தெரிந்தது. எனக்கு என் ஜன்னலில் வாயோரம் ஒட்டியிருந்த பால்கோவா தெரிந்திருக்க வேண்டும். திரையை மூடிவிட்டேனே!

விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்தபிறகு, சர்க்கரை இல்லாத காபியோடு கூடத்தில் மல்லாந்து கிடப்பது என் வழக்கமாயிற்று. அங்கேதான் மின்விசிறி என் குருவானது. எங்களுடையது பழைய வீடு. வெள்ளைச் சுண்ணாம்புக் கூரையில் கறுத்த தேக்கு உத்திரங்கள். விசிறியின் இறக்கை பழுப்பு. நின்றிருக்கும்போது மூன்று பட்டை. சுற்றும்போது, உத்திரமும் சுண்ணாம்பும் பின்னால் தெரிகிற ஒரு மெல்லிய பழுப்பு வட்டம். இறக்கையில் ஓட்டை இல்லை. ஆனாலும் ஊடுருவித் தெரிகிறது.

இத்தாலியில் பதுவா நகரத்து உளவியலாளர் ஃபாபியோ மெத்தெல்லி இதே சங்கதியை வைத்துத்தான் ஒரு கொள்கையே நிறுவினார். ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்ட வட்டைச் சுற்றவிட்டு, பின்னால் கறுப்பும் வெள்ளையும் வைத்துப் பார்த்தார். 1974இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் அதை விளக்கி எழுதிய கட்டுரை பிரசித்தம். அவர் சொன்னதை மில் பாஷையில் சொல்கிறேன். கண் ஒரு கணக்குப்பிள்ளை. அதற்கு ஓர் இடத்திலிருந்து வருவது ஒரே ஒரு நிறம். ஆனால் அதை இரண்டு பேரேட்டில் பிரித்து எழுதுகிறது. இவ்வளவு திரையின் பற்று, இவ்வளவு திரைக்குப் பின்னால் இருப்பதன் பற்று. வட்டத்துக்கு வெளியே சுண்ணாம்புக்கும் உத்திரத்துக்கும் வித்தியாசம் நூறு என்றும், வட்டத்துக்குள் எண்பது என்றும் வைத்துக்கொண்டால், விசிறியில் நூற்றுக்கு எண்பது பங்கு திறப்பு. உள்ளே வித்தியாசம் வெளியைவிடக் கூடினாலோ, தலைகீழாக மாறினாலோ கணக்கு உதைக்கும். அப்போது கண், “இது திரை இல்லை, யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள்” என்று பேரேட்டை மூடிவிடும்.

வண்ணத்துக்கும் இதுவே சட்டம் என்று 1997இல் ட்ஸ்முரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்துச் சொன்னார்கள். பின்னால் இருக்கிற நிறங்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தாலோ, ஏதோ ஒரு நிறத்தை நோக்கி ஒன்றுசேர்ந்து நெருங்கினாலோ, அங்கே ஒரு மெல்லிய படலம் இருப்பதாக நமக்குத் தோன்றும். ஆளுக்கொரு பக்கம் போனால் தோன்றாது. எங்கள் மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பக்கத்து முகடு பச்சை, அடுத்தது நீலப்பச்சை, கடைசி முகடு வெறும் நீலச் சாம்பல். மரம், பாறை, ஓடை எல்லாமே ஒரே நீலத்தை நோக்கிச் சாய்கின்றன. நடுவில் இருக்கிற காற்றை நாம் பார்ப்பதே அப்படித்தான். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தப் படலம் விலகி, மலை கோபுரத்துக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். துணி காயப்போட வந்தவன் இதைப் பார்த்து நின்றுவிட்டால், கீழேயிருந்து “வாளியக் கொண்டாங்க!” என்று குரல் வரும்.

திரைக்குத் திரும்புவோம். தெருவில் நின்று என்னைப் பார்ப்பது யார் என்றாவது எனக்குத் தெரியவேண்டும்; அதற்கு வெள்ளை நெட்டுக்கு மாற்று கறுப்பு நெட் என்று முடிவுக்கு வந்தேன். கொசுவலைக் கடையில் ஒரே துளை அளவுள்ள வெள்ளை வலையையும் கறுப்பு வலையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு இருப்பதே தெரியாது. வெள்ளை புகை மண்டியதுபோல் தெரியும். கறுப்பு நூல் தன் பங்குக்கு வெளிச்சம் எதையும் கலக்காது. பின்னால் இருப்பதை மங்கலாக்குமே தவிர வெளுக்க வைக்காது. கண் பார்ப்பது பின்னால் இருக்கிற வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அல்ல, மொத்த வெளிச்சத்தோடு அதற்குள்ள விகிதத்தை; அதனால்தான் இருண்ட படலம் உண்மையில் விடுகிற வெளிச்சத்தைவிட அதிகத் தெளிவாகவும், வெளிறிய படலம் குறைந்த தெளிவாகவும் நமக்குப் படுகின்றன. மனிஷ் சிங், பார்ட்டன் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் மெத்தெல்லியின் கணக்கைத் திருத்தியது இந்த இடத்தில்தான்.

மேதைகள் ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

“கறுப்புத் திரையா? யாரு போயிட்டா நம்ம வீட்டுல?”

சரி, வெள்ளையிலேயே ஒரு வழி பார்ப்போம் என்று, தெரிந்தவர் மூலம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஒரு சுருள் வரவழைத்தேன். விலை மலிவு, காற்று தாராளம். தனியாக ஒரு மடிப்பைப் பிடித்தால் அந்தப்பக்கம் எல்லாம் தெரியும். இழைக்கு இழை அவ்வளவு இடைவெளி. அதையே எட்டு மடிப்பாகப் போட்டால் கெட்டி வெள்ளை. எத்தனை மடிப்பில் மானம் பத்திரமாகும் என்று ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டி, ஏணிமேல் நின்று ஜன்னலில் பொருத்திப் பார்த்தேன். அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து சேர்ந்தார்கள். “யாருக்கு என்ன ஆச்சு மாப்ளே? போன்லகூடச் சொல்லலியே?” என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். ஹார்லிக்ஸைத் திருப்பித் தரவில்லை. சுருள் இப்போது தயிர் வடிகட்ட உதவுகிறது.

ஜன்னலை விட்டுவிட்டு இடுப்புக்கு வந்தபோதுதான் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. கட்டம் போட்ட லுங்கியை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? நெடுக்கே ஒரு நீலப் பட்டை, குறுக்கே ஒரு பச்சைப் பட்டை. இரண்டும் சந்திக்கிற சதுரத்தில் பாவும் ஊடையும் கலந்து நீலப்பச்சை. பார்க்கிற கண்ணுக்கோ, ஒரு பட்டைமேல் இன்னொரு கண்ணாடிப் பட்டை படுத்திருக்கிறது. அங்கே கண்ணாடியும் இல்லை, மேலே கீழே என்று இரண்டு அடுக்கும் இல்லை. எல்லாம் ஒரே தளத்து நூல். ஊடுருவல் மொத்தமும் நம் தலைக்குள்தான் நெய்யப்படுகிறது.

எந்தப் பட்டை மேலே? நான் நெடுக்குப் பட்டை என்றேன். மனைவி குறுக்குப் பட்டை என்றாள். இதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கிண்டி ஐஐடியில் படித்து, பிற்காலத்தில் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய பி. ஆனந்தனும், எட்வர்ட் அடெல்சனும் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு விளிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பைப் பார்த்தாலே போதும் என்றார்கள். ஒரு விளிம்பைத் தாண்டும்போது எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பது சந்திப்புக்கு அப்பாலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விளிம்பிலும் மாறாவிட்டால் எதை வேண்டுமானாலும் மேலே என்று சொல்லலாம். ஒன்றில் மட்டும் மாறினால் மேலே இருப்பது எது என்பது உறுதி. இரண்டிலும் மாறினால் ஊடுருவலே தோன்றாது. லுங்கியில் சந்திப்புச் சதுரம் இரண்டு நூலின் சராசரி என்பதால் அது முதல் ரகம். அதாவது நான் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. எங்கள் தாம்பத்தியத்தில் இப்படி முடிந்த வழக்கு வேறு இல்லை. ஆனாலும் மேல்முறையீட்டில் குறுக்குப் பட்டைதான் ஜெயித்தது.

லுங்கிக்கு இருக்கிற நேர்மை வேட்டிக்குக் கிடையாது. காய்ந்த வெள்ளை வேட்டி உத்தமமான மறைப்பு. பஞ்சு இழைகளுக்கு நடுவே இருக்கிற காற்றில் வெளிச்சம் முட்டி மோதிச் சிதறுவதால் வந்த வெள்ளை அது. செண்பகத்தோப்பு ஓடையில் அந்த வேட்டியோடு இறங்கி எழுந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர். இழைக்கும் தண்ணீருக்கும் ஒளிவிலகலில் வித்தியாசம் கொஞ்சம்தான். சிதறல் குறைந்து வெளிச்சம் உள்ளே போய்விடும். போனால் என்ன தெரியும் என்பது அன்றைக்கு உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. குடும்பத்தோடு போய் நான் அப்படி இறங்கிய அன்று போட்டிருந்தது பச்சைக் கோடு போட்ட டிராயர். மைத்துனர் குடும்பம், சம்பந்தி குடும்பம் எல்லாரும் மலையழகை ரசிப்பதுபோல் ஒரே திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று எனக்கு ஓர் ஆறுதல்: நீரில் நனைந்தால் வெள்ளையே ஊடுருவித் தெரியும் என்று விட்கென்ஸ்டைனுக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த நிமிஷத்தில் அது வெள்ளையாகவும் இல்லை என்பது வேறு விஷயம்.

தண்ணீர் செய்வதை எண்ணெயும் நெய்யும் இன்னும் நன்றாகச் செய்யும். காகிதத்தின் வெள்ளையும் நாருக்கு நடுவே இருக்கிற காற்று கொடுத்ததுதான். டப்பா பறிமுதலான பிறகு, கொஞ்சம் பால்கோவாவைப் பழைய நியூஸ்பேப்பரில் மடித்து, மில் கணக்கு நோட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். நெய் ஊறி ஊறி, காகிதம் கண்ணாடியாகி, வெளிப்பக்கத்துச் செய்தியோடு உள்பக்கத்துச் செய்தியும் சேர்ந்து தெரிய, நடுவில் தேன்பழுப்பில் ஒரு நிழல். பாலில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் அடுப்புச் சூட்டில் வினைபுரிந்து கொடுக்கிற பழுப்பு அது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு மைல் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். என் மனைவிக்குப் பேரேடு எதுவும் தேவைப்படவில்லை. எவ்வளவு காகிதத்தின் பற்று, எவ்வளவு புருஷனின் பற்று என்று ஒரே பார்வையில் பிரித்துவிட்டாள்.

திரை வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். துணியைக் கடைக்காரர் விரிக்கிற வெள்ளை மேஜைமேல் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த கட்டத் துணி ஒன்றின்மேல் பாதி மூடுவதுபோல் போட்டுப் பாருங்கள். அடியில் கட்டத்தின் வேறுபாடு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அவ்வளவுக்கு உங்கள் வீடும் தெரியும். வெளியே வேடிக்கை பார்க்க இருண்ட நிற வலை. பகலில் மறைய வெளிர் நிற நெட். ராத்திரிக்கு இரண்டுமே உதவாது, கெட்டித் துணி ஒன்று தனியாக வேண்டும். அந்தப் பூப்போட்ட துணியை மனைவி முதலிலேயே கேட்டிருந்தால் பேசாமல் வாங்கிவிடுங்கள். மாட்டிய அன்று ராத்திரி எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, ஒருதரம் தெருவில் நின்று உங்கள் வீட்டை நீங்களே பாருங்கள். அதுவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையும் தின்னாதீர்கள்.